அத்தியாயம் 7: மீட்பும் துரோகமும் – திருச்சி மண்ணில் ஓர் உளவு நாவல்

உளவு நாவல் எழுத ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியில் தொடங்குகிறார்கள். நடுராத்திரி, ஒரு கோட்டை, உள்ளே ஒரு கைதி, வெளியே கயிற்றோடு நான்கு பேர். முப்பது பக்கம் மூச்சு வாங்காமல் ஓடும். பிறகு கூட இருந்த ஒருவன் காட்டிக்கொடுப்பான். ஏன் காட்டிக்கொடுத்தான் என்று கேட்டால் ‘பணத்துக்காக’ என்பார்கள். நாவல் படுத்துவிடுவது அந்த இடத்தில்தான். பணத்துக்காக மட்டும் துரோகம் செய்கிறவனை வாசகர் சீக்கிரமே மோப்பம் பிடித்துவிடுவார். பிடிக்காமல் போனாலும், குட்டு வெளிப்பட்ட பிறகு அவனைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்க ஒன்றும் மிஞ்சாது.

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வேலைமுறையைச் சொல்லித் தருகிறேன். துரோகத்தை யோசிப்பதற்கு முன்னால் வாக்குறுதியை எழுதுங்கள். யார், யாருக்கு, எதைத் தருவதாகச் சொன்னார்; அதைத் தர அவரால் முடியுமா; அதே பொருளை வேறு யாருக்காவது ஏற்கெனவே வாக்களித்திருக்கிறாரா. இந்தக் கணக்கு சரியாக அமைந்தால் துரோகி தானாகவே உருவாகிவிடுவான். அவனுக்கு முறுக்கு மீசையும் குரூரப் புன்னகையும் தேவைப்படாது.

உதாரணத்துக்கு வெளிநாடு போக வேண்டியதில்லை. நான் காட்டூர்க்காரன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து துவாக்குடி பஸ் ஏறினால் பால்பண்ணை, அரியமங்கலம், காட்டூர், திருவெறும்பூர் என்று வரிசையாக வரும் தஞ்சாவூர் ரோடுதான் எங்கள் ஊர். ஒரு பக்கம் பொன்மலை, இன்னொரு பக்கம் திருவெறும்பூர் எறும்பீஸ்வரர் கோயில் மலை. 1751 முதல் 1754 வரை ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்க்காரர், மராட்டியர், தஞ்சாவூர்ப் படை, புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் என அத்தனை பேரும் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்ட பூமி இது. எறும்பீஸ்வரர் மலைக்கோயிலைப் படைகள் அரணாக வைத்திருந்தன. பொன்மலையில் 1753இல் பெரிய சண்டையே நடந்தது. காட்டூர்ப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் இடத்தில் அன்று யாருடைய கூடாரம் இருந்தது என்று சொல்ல முடியாது. ஏதோ ஒரு படை அந்த வழியாகப் போயிருக்கும்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறகு பிரித்துப் பார்ப்போம்.

1749 ஆகஸ்டில் ஆம்பூர்ப் போரில் ஆர்க்காட்டு நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவர் மகன் முகமது அலி தப்பி ஓடித் திருச்சிக் கோட்டைக்குள் புகுந்துகொண்டார். நவாப் பட்டத்துக்குப் போட்டியிட்ட எதிரி சந்தா சாகிப். அவருக்குப் பின்னால் புதுச்சேரி ஆளுநர் துப்ளே. 1751இல் சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு வந்து திருச்சியை முற்றுகையிட்டார். உள்ளே இருப்பவரை, அவர் பக்கம் நின்ற ஆங்கிலேயர் மீட்க வேண்டும். அதுதான் கதையின் முதல் பாதி.

சந்தா சாகிப் இந்த ஊருக்குப் புதியவர் அல்ல என்பதை மறக்கக் கூடாது. 1730களில் நாயக்க அரசி மீனாட்சியிடம் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்துகொடுத்து உள்ளே வந்து, பின்னர் அரசையே பறித்துக்கொண்டவர் அவர். அரசி நஞ்சருந்தி இறந்தார். சத்தியம் செய்தது குர்ஆன் மேல் அல்ல, துணியில் சுற்றிய செங்கல் மேல் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது. அது நடந்ததா இல்லையா என்பது வரலாற்றாசிரியர் கவலை. நாவலாசிரியருக்கு அதில் கிடைப்பது வேறு. வாக்கை உடைத்து இந்த ஊரைப் பிடித்தவர், வாக்கை நம்பி இந்த ஊரில் சாகப்போகிறார். இப்படியொரு வளைவை நாமாகக் கற்பனை செய்திருந்தால் ‘ரொம்பச் செயற்கை’ என்று திட்டியிருப்பார்கள்.

இப்போது மீட்பு. முற்றுகையில் இருப்பவனை மீட்க எல்லாரும் முற்றுகையிட்ட இடத்துக்கே போவார்கள். ஆங்கிலப் படை அதிகாரி கிளைவ் போகவில்லை. சென்னையிலிருந்து சுமார் 200 ஐரோப்பியர், 300 சிப்பாய்கள், மூன்று பீரங்கிகளோடு கிளம்பி, காவல் குறைந்திருந்த ஆர்க்காட்டில் போய் உட்கார்ந்தார். தலைநகர் கைவிட்டுப் போனதும் சந்தா சாகிப் தன் மகன் ராஜா சாகிபோடு 4,000 பேரைத் திருச்சியிலிருந்து பிரித்து அனுப்ப வேண்டியதாயிற்று. ஆர்க்காட்டுக் கோட்டை 50 நாள் தாக்குப்பிடித்தது. திருச்சியின் கழுத்தில் இருந்த கை தளர்ந்தது.

இதை உங்கள் நாவலில் எப்படிப் பயன்படுத்துவது? மீட்புக் குழு கைதி இருக்கும் இடத்துக்குக் கடைசியில்தான் போக வேண்டும். முதலில் எதிரி எதை இழந்தால் அலறுவான் என்று கண்டுபிடித்து அங்கே போக வேண்டும். வாசகர் இவர்கள் ஏன் எதிர்த்திசையில் போகிறார்கள் என்று குழம்பட்டும். நாற்பது பக்கம் கழித்துப் புரிந்தால் போதும்.

அடுத்தது நான் மிகவும் ரசிக்கும் பகுதி. 1752 ஏப்ரல். ஆங்கிலத் தளபதி மேஜர் லாரன்ஸும் கிளைவும் திருச்சிக்குள் வந்துவிட்டார்கள். பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா, சந்தா சாகிபின் படையோடு திருவரங்கம் தீவுக்குள் பின்வாங்கிவிட்டார். (இந்த லா யார் தெரியுமா? 1720இல் பிரான்சின் பொருளாதாரத்தையே ஆட்டிவைத்த ஜான் லாவின் அண்ணன் தம்பி வழிப் பிள்ளை. பெரியப்பா காகிதப் பணத்தில் சூதாடினார், இவர் தீவில் மாட்டிக்கொண்டார்.) புதுச்சேரியிலிருந்து உதவி வராமல் தடுக்கக் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் முகாம் போட்டிருந்தார். ஒரு ராத்திரி பிரெஞ்சு அணி ஒன்று அந்த முகாமுக்குள் நுழைந்தது. அதில் ஆங்கிலப் படையை விட்டு ஓடிவந்தவர்கள் சுமார் 40 பேர். காவல்காரன் தடுத்தபோது ஓடிவந்தவர்களில் ஒரு அயர்லாந்துக்காரன் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னான்: மேஜர் லாரன்ஸ் அனுப்பிய துணைப்படை நாங்கள். காவல்காரன் வழிவிட்டான். கிளைவ் படுத்திருந்த சத்திரத்துக்குள் குண்டுகள் பாய்ந்தன. கிளைவ் எழுந்து ஓடி, சுடுவது தன் ஆட்கள்தான் என்று நினைத்து எதிரிச் சிப்பாய்களையே அதட்டிக்கொண்டிருந்தார். விடிந்தபின், கோயிலுக்குள் அடைபட்ட ஓடிவந்தவர்களிடம் பேசப் போனார். ரத்தம் போய்த் தளர்ந்திருந்ததால் இரண்டு சார்ஜெண்ட்கள் தோளில் சாய்ந்து நின்றார். உள்ளிருந்து சுட்ட குண்டு அவரைத் தாண்டி இரண்டு சார்ஜெண்ட்களையும் கொன்றது.

இந்தக் காட்சியில் ஆயுதம் எது? மொழி. உச்சரிப்பு. அந்தக் காலத் திருச்சியில் நவாபின் கடிதங்கள் பாரசீகம், தஞ்சாவூர் அரண்மனை மராட்டி, தளபதிகள் ஆங்கிலமும் பிரெஞ்சும், படைவீரர்கள் தெலுங்கும் தமிழும் உருதும், துறைமுக ஊர்களில் உடைந்த போர்த்துகீசியம். இத்தனைக்கும் நடுவே நிற்பவர் துபாஷி. உங்கள் உளவாளிக்கு வாள்வீச்சு தெரிய வேண்டியதில்லை; இரண்டு மொழி தெரிந்தால் போதும். எல்லாக் கதாபாத்திரங்களும் ஒரே மேடைத் தமிழில் பேசும் சரித்திர நாவல்கள் இழப்பது இந்த ஆயுதத்தைத்தான்.

இனி இரண்டாம் பாதி. கொள்ளிடக் கரையில் பிச்சாண்டார்கோயில் விழுந்தது. லாவின் தானியக் கிடங்கு இருந்த லால்குடியும் போயிற்று. உதவிக்கு வந்த பிரெஞ்சுத் தளபதி தோத்தே வாலிகண்டபுரம் பக்கத்தில் சரணடைந்தார். தீவில் இருந்தவர்களுக்குச் சோறு இல்லை. சந்தா சாகிபின் ஆட்கள் கூட்டம் கூட்டமாகக் கலைந்தார்கள். அவருக்கு இருந்த ஒரே வழி, முற்றுகையிட்டவர்களில் ஒருவரை விலைக்கு வாங்கித் தப்பிப்பது. தஞ்சாவூர்ப் படைத்தலைவர் மானோஜியோடு பேச்சு நடந்தது. பணம், பாதுகாப்பு வாக்கு, காரைக்கால் பக்கம் போக வழித்துணை. சந்தா சாகிப் தஞ்சாவூர் முகாமுக்குப் போனார். பல்லக்கு காத்திருக்கும் என்றார்கள், காத்திருந்தது விலங்கு.

மானோஜி ஏன் அப்படிச் செய்தார்? இங்கேதான் வாக்குறுதிக் கணக்கைப் பார்க்க வேண்டும். கைதி கிடைத்தவுடன் முகமது அலி, மைசூர்ப் படையின் தலைவர் நஞ்சராஜர், மராட்டியத் தலைவர் முராரி ராவ் ஒவ்வொருவரும் அவரைத் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்கள். ஆங்கிலேயரிடம் வையுங்கள் என்றார் லாரன்ஸ், மற்றவர்கள் ஒப்பவில்லை. விட்டுவிட்டால் மானோஜி கூட்டாளிகளுக்குத் துரோகி. வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் எதிரி. யாரிடமாவது ஒப்படைத்தால் மற்றவர்களுக்குப் பகை. போதாததற்கு, 1749 கடைசியில் சந்தா சாகிப் பிரெஞ்சுப் படையோடு தஞ்சாவூரையே முற்றுகையிட்டுப் பணம் கறந்தவர். இத்தனையையும் கூட்டிப் பார்த்தால், தலையை வெட்டுவது மானோஜிக்கு மிகக் குறைந்த செலவுள்ள வழி. வெட்டினார். தலை ஒட்டகத்தின் கழுத்தில் கட்டப்பட்டுத் திருச்சி மதிலைச் சுற்றி ஐந்து முறை வலம் வந்தது என்று எழுதுகிறார் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். குற்றம் லாரன்ஸ் மேல் என்று துப்ளே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா இருந்ததும் குற்றமா என்பது நாவலுக்கு நல்ல கேள்வி. அதற்கு விடை எழுதிவிடாதீர்கள்.

ஆனால் மானோஜியை நான் பெரிய துரோகியாக எண்ணுவதில்லை. பெரிய துரோகம் மீட்பின் அடித்தளத்திலேயே இருந்தது. முகமது அலிக்கு நஞ்சராஜர் மைசூர்ப் படையோடு வந்து உதவினாரே, எதற்காக? ஜெயித்தபின் திருச்சியைத் தருகிறேன் என்று முகமது அலி ரகசிய ஒப்பந்தம் போட்டிருந்தார். எந்த ஊரைக் காப்பாற்றச் சண்டையோ, அந்த ஊரையே காப்பாற்றுகிறவனுக்குக் கூலியாகப் பேசியிருந்தார்! சந்தா சாகிப் இறந்ததும் நஞ்சராஜர் கேட்டார். முகமது அலி கொஞ்சம் பொறுங்கள் என்றார். பிறகு தர முடியாது என்றார். நஞ்சராஜர் திருவரங்கத்தில் உட்கார்ந்துகொண்டு, 1752 முடிவதற்குள் பிரெஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டார். முராரி ராவும் கூடவே போனார். மீட்க வந்தவர்களே முற்றுகையாளர்கள் ஆனார்கள். அந்த மைசூர்ப் படையில் அப்போது பெரிய பெயர் எடுக்காத ஓர் அதிகாரி இருந்தார்: ஹைதர் அலி.

இந்த வாக்குறுதிக் கணக்கை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்தி கோடு போடுங்கள். வாக்குக் கொடுத்தவர், வாங்கியவர், பொருள், கெடு, அதே பொருள் மேல் வேறு யாருக்கு உரிமை. முதல் வரியில் முகமது அலி, நஞ்சராஜர், திருச்சிக் கோட்டை, வெற்றிக்குப் பின் என்று எழுதி, ஐந்தாம் பத்தியில் ஆங்கிலேயர் என்று எழுதுங்கள். ஐந்தாம் பத்தி நிரம்பும் ஒவ்வொரு வரியிலும் ஒரு துரோகம் காத்திருக்கிறது. நிரம்பாத வரியைக் கதையிலிருந்து தூக்கிவிடலாம். உங்கள் நாவல் 1752இல் நடந்தாலும் 2022இல் நடந்தாலும் இந்த ஏடு வேலை செய்யும்.

உளவு எங்கே என்று கேட்பீர்கள். 1753ஆம் ஆண்டுக்கு வாருங்கள். கோட்டைக்குள் ஆங்கிலேயரின் கேப்டன் டால்டன். வெளியே பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும். தெ கத்தான் என்ற பிரெஞ்சுக்காரர் படையை விட்டு ஓடிவந்தவர்போல் கோட்டைக்குள் வந்து வேலைக்குச் சேர்ந்தார். மதிலையும் பீரங்கிகளையும் கணக்கெடுத்துப் பிரெஞ்சுத் தளபதி பிரெனியேவுக்கு அனுப்புவது அவர் வேலை. அகப்பட்டுக்கொண்டார். டால்டன் ஒரு பேரம் பேசினார்: கோட்டையின் இந்த இடம்தான் பலவீனமானது என்று பிரெனியேவுக்கு எழுது, உன் உயிருக்காகப் பரிந்து பேசுகிறேன். டால்டன் காட்டிய இடம் மேற்கு மதிலில் இருந்த டால்டன் பேட்டரி. கோட்டையிலேயே பலமான பகுதி அது. தெ கத்தான் எழுதினார். கடிதம் போயிற்று. பிறகு அவரைத் தூக்கில் போட்டார்கள். நவம்பர் கடைசியில் ஒரு விடியற்காலை பிரெஞ்சுப் படை ஏணிகளோடு வந்து ஏறியது. ஏறிய இடம் அதேதான். முதல் காவலைச் சத்தமில்லாமல் முடித்தவர்கள், வெறி தலைக்கேறி, பிடித்த பீரங்கிகளையே ஊரை நோக்கித் திருப்பிச் சுட்டுக் கூச்சல் போட்டார்கள். கோட்டை விழித்துக்கொண்டது. ஏணிகள் நொறுங்கின. மேலே ஏறியவர்கள் இறங்க வழியில்லாமல் கூட்டமாகப் பிடிபட்டார்கள்.

செத்தவன் கையெழுத்து, அவன் செத்தபின் தன் பக்கத்துப் படையையே கொல்கிறது. இதற்கு மேல் ஓர் உளவு நாவலுக்கு என்ன வேண்டும்? இந்த ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டு 250 பக்கம் எழுதலாம். கதையை டால்டன் கண்ணால் சொல்லாதீர்கள், தெ கத்தான் கண்ணாலும் வேண்டாம். கடிதத்தை மதிலுக்கு வெளியே எடுத்துப்போனவன் இருக்கிறானே, வரலாற்றில் பெயரில்லாத ஒரு உள்ளூர்க்காரன், அவன் கண்ணால் சொல்லுங்கள். அவனுக்குப் படிக்கத் தெரியாது என்று வைத்தால் ஒரு கதை. தெரியும் என்று வைத்தால் வேறு கதை.

1754இல் இன்னொன்று. லாரன்ஸின் மொழிபெயர்ப்பாளர் பொன்னியப்பன் மைசூர்க்காரர்களோடு ரகசியத் தொடர்பு வைத்திருந்தார். அவர்களுக்கு இடைஞ்சலாக இருந்தவர், சிப்பாய்ப் படைத்தலைவர் யூசுப் கான். நாம் மருதநாயகம் என்று அறிந்தவர். யூசுப் கான் கோட்டையைக் காட்டிக்கொடுக்க ஒப்புக்கொண்டதாகக் காட்டும் பொய்க் கடிதம் ஒன்று ஆங்கிலேயர் கைக்குக் கிடைக்கும்படி செய்யப்பட்டது. யூசுப் கான் காவலில் வைக்கப்பட்டார். விசாரணையில் நூல் பொன்னியப்பனிடம் போய் முடிந்தது. அவரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். பொய்த் துரோகத்திலிருந்து தப்பிய யூசுப் கான் பத்து வருஷம் கழித்து, 1764 அக்டோபரில், மதுரைக் கோட்டைக்குள் சொந்த ஆட்களாலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார்.

துப்பாக்கிச் சத்தம் இல்லாத துரோகமும் ஒன்று உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. 1753இல் கோட்டைக் கிடங்கில் பல மாதத்துக்குத் தானியம் இருக்கிறது என்று டால்டன் நம்பிக்கொண்டிருந்தார். நவாப் முகமது அலியின் மைத்துனர் கைருத்தீன் அதை நல்ல விலைக்குக் கமுக்கமாக விற்றுவிட்டிருந்தார். சோதித்தபோது சில வாரங்களுக்குத்தான் இருந்தது. செய்தி கிடைத்ததும் லாரன்ஸ் மற்ற வேலையைப் போட்டுவிட்டுத் திருச்சிக்கு ஓடிவந்தார். இரண்டு வருஷச் சண்டையில் ஏறக்குறைய எல்லாமே அரிசிக்காகத்தான்: தொண்டைமான் காட்டு வழியாக வரும் பொதிமாடுகள், அவற்றை மறிக்கும் மராட்டியக் குதிரைகள், வழிக்காவலுக்குப் போகும் யூசுப் கான். உங்கள் அதிரடிக் காட்சியில் பணயப் பொருள் வைரமாக இருப்பதைவிட நெல்லாக இருந்தால் நம் வாசகருக்கு வயிற்றில் உறைக்கும்.

இனி தொழில் நுணுக்கங்கள்.

தேதியில் கவனம். ஆங்கிலேயர் 1752 செப்டம்பர் 2 வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள். மறுநாள் செப்டம்பர் 14 என்று மாற்றினார்கள். பிரெஞ்சுக்காரர் ஏற்கெனவே புதிய நாட்காட்டி. இரண்டுக்கும் 11 நாள் வித்தியாசம். அதனால்தான் சந்தா சாகிப் இறந்தது ஜூன் தொடக்கம் என்று ஒரு புத்தகமும் ஜூன் மத்தி என்று இன்னொன்றும் சொல்லும். இரண்டையும் கலந்தால் உங்கள் ஒற்றன் கிளம்புவதற்கு முன்பே ஊர் சேர்ந்துவிடுவான். நான் சொல்லும் வழி, தமிழ் மாதத்தில் எழுதிவிடுவது. 1751 பிரஜோற்பத்தி வருஷம், 1752 ஆங்கீரச, 1753 ஸ்ரீமுக, 1754 பவ. துப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் தமிழ்த் தேதியும் போட்டிருக்கிறார். அந்த நாட்குறிப்பை அவசியம் படியுங்கள். போர்க்களத்தில் இல்லாத ஒரு மனிதர் வதந்தி, கடிதம், முகக்குறி மூன்றையும் வைத்து உண்மையை எப்படிச் சலித்தெடுக்கிறார் என்று அதில் பார்க்கலாம். அதுதான் உளவு. ஓர்மின் நூலின் முதல் தொகுதி 1763இல் வந்தது. சண்டை விவரங்களுக்கு அவரை விட்டால் ஆள் இல்லை, ஆனால் அவர் கும்பினிக்காரர். இருவரையும் எதிரெதிரே வைத்துப் படியுங்கள்.

கண்ணுக்குத் தெரிவதை நம்பாதீர்கள். திருவரங்கம் ராஜகோபுரம் 1987இல்தான் முடிந்தது. 1752இல் அது அரைகுறை அடித்தளம். ஆகவே உங்கள் நாயகன் 236 அடி உயரத்தில் ஏறித் தீவட்டி காட்ட முடியாது. முக்கொம்பு அணை 1830களில் ஆர்தர் காட்டன் கட்டியது. மேட்டூர் அணை 1934. அணைகள் இல்லாத காவிரி சித்திரை, வைகாசியில் மணலாகக் கிடக்கும். குடகில் மழை பிடித்தால் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வரும். லா தீவில் மாட்டிய கதையை ஆடிப்பெருக்கு வெள்ளத்தோடு எழுதினால் தவறு. மணலில் குதிரைகள் கடக்கும் கதை அது. கோட்டை மதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, அகழி மூடி ரோடாகிவிட்டது. மிஞ்சியிருக்கும் வாசலைத்தான் மெயின்கார்டு கேட் என்கிறோம். மேலப்புலிவார்டு ரோட்டிலும் கீழப்புலிவார்டு ரோட்டிலும் நடந்தால் கோட்டையின் அளவு காலுக்குத் தெரியும். மலைக்கோட்டை அடியில் ராணி மங்கம்மாள் தர்பார் மண்டபம் அரசு அருங்காட்சியகமாக இருக்கிறது, அங்கேயும் ஒரு நடை போய்வாருங்கள். நத்தர்வலி தர்காவுக்கும் போங்கள். முகமது அலி அங்கே அடக்கமாகியிருக்கிறார். சந்தா சாகிபும் அங்கேதான் என்று சொல்வார்கள்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம். ஒற்றர்கள் செய்தி கொண்டுபோகும் அரிக்காரர்களாக, ஓடக்காரர்களாக, பொதிமாட்டுக்காரர்களாக இருந்தவர்கள். உறவுமுறை சொல்லிப் பேசுகிறவர்கள். ஒரு மாதிரி தருகிறேன். ஓடத்துறை, ராத்திரி, வைகாசி.

“என்ன மாப்ளே, இந்நேரத்துக்கு?”

“அக்கரைக்குப் போவணும் மாமா.”

“தண்ணி முட்டிக்கால் அளவுதான். நடந்தே போயிடலாமே.”

“மணல்ல தடம் விழும்.”

கிழவர் துடுப்பைக் கையில் எடுத்தார். எடுத்துக்கொண்டு நின்றார்.

“அக்காகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தே?”

“வந்து சொல்லிக்கிறேன்.”

“கூலி?”

“திரும்புறப்போ தரேன் மாமா. ரெண்டா தரேன்.”

கிழவர் கயிற்றை அவிழ்த்தார்.

ஒற்றன், ரகசியம், ஆபத்து என்று எந்தச் சொல்லும் இதில் இல்லை. இரண்டு வாக்குறுதிகள் இருக்கின்றன, அம்மாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று. இரண்டையும் ஏட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவன் திரும்பி வராவிட்டால் கிழவர் யாரிடம் போய்ச் சொல்வார் என்பதில் உங்கள் அடுத்த அத்தியாயம் இருக்கிறது.

திருவரங்கத்தில் வளர்ந்து ரங்கராஜன் என்ற பெயரை மறைத்துக்கொண்ட சுஜாதா, 1857 பின்னணியில் ‘ரத்தம் ஒரே நிறம்’ எழுதியவர். அதை முதலில் வேறு தலைப்பில் தொடராகத் தொடங்கியபோது எதிர்ப்பு வந்து நிறுத்த வேண்டியதாயிற்று. துரோகக் கதை எழுதுகிறவர்களுக்கு அது ஓர் எச்சரிக்கை. ஒரு சாதியை, மதத்தை, ஊரைத் துரோகியாக்குவது சுலபம், சோம்பேறித்தனமும்கூட. மேலே பார்த்த கதையில் வாக்குத் தவறியவர்களை எண்ணிப் பாருங்கள். எல்லா மதமும் எல்லா நாடும் அதில் உண்டு.

இக்காலக் கதைதான் வேண்டும் என்றால் நம் பக்கத்திலேயே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறதே என்று காட்டூர் இளைஞர்கள் கேட்பார்கள். 1966இல் தொடங்கிய படைக்கலத் தொழிற்சாலை திருவெறும்பூர்ப் பக்கம்தான். கதை அதன் வாசலோடு நிற்கட்டும். உள்ளே எந்தக் கட்டடம் எங்கே, காவல் எப்போது மாறுகிறது என்று உறவுக்காரரிடம் கேட்டு எழுதாதீர்கள். 1923ஆம் ஆண்டு அலுவல் ரகசியச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. எழுதியவரோடு சேர்த்துச் சொன்னவரையும் பிடிக்கும். கற்பனையாக ஒரு தொழிற்சாலையை வேறு ஊரில் கட்டிக்கொள்ளுங்கள். ஷிப்ட் சங்கு, டீக்கடை, குவார்ட்டர்ஸ் வாழ்க்கை இவற்றைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அவை யாருடைய ரகசியமும் அல்ல.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி ஒன்றே ஒன்று. சந்தா சாகிப் விலங்கோடு கூடாரத்தில் இருக்கும் ராத்திரி. மானோஜி வெளியே தன் ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறார். கூட்டாளிகளின் தூதர்கள் மாறி மாறி வருகிறார்கள். 1,200 வார்த்தைக்குள் எழுதுங்கள். துரோகம், வஞ்சகம், சூழ்ச்சி என்ற சொற்கள் வரக்கூடாது. மானோஜியின் மனதில் ஓடுவதை எழுதக்கூடாது. அவர் பேசுவதும் செய்வதும் மட்டும். வாளைக் கடைசி வரிவரை வெளியே எடுக்காதீர்கள். எழுதி முடித்ததும் வீட்டில் ஒருவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டி, மானோஜி இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். ‘வெட்டமாட்டேன்’ என்று சட்டென்று பதில் வந்தால் காட்சி இன்னும் வரவில்லை, திருப்பி எழுதுங்கள்.